மாடியில் வெக்கை, கீழே குளிர்: ஜோன் ஏ.சி. பிரச்னைகளும் தீர்வுகளும்

மானிட்டரில் படம் வரவில்லை என்றால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் முதலில் நினைப்பது "மதர்போர்டு போய்விட்டது" என்பதுதான். சற்று அனுபவம் வந்த பிறகு கேபிளை அழுத்திப் பார்ப்போம். ராம் சிப்பைக் கழற்றி மீண்டும் மாட்டுவோம். பல முறை பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். விலை உயர்ந்த பாகத்தைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் நமக்குக் கற்றுத் தரும் முதல் பாடம்.

இந்தப் பாடம் அப்படியே பொருந்தும் இன்னொரு சாதனம் ஜோன் ஏ.சி. ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, வீட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வெப்பநிலை தரும் ஏற்பாடு இது. அமெரிக்க வீடுகளில் பரவலாக இருக்கிறது. நான் ஹூஸ்டன் நகரில் கட்டடங்களின் ஏ.சி. கன்ட்ரோல் சிஸ்டங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கோடை வந்தாலே நம் ஊர்க்காரர்களிடமிருந்து எனக்குப் போன் வரும். மகன் அல்லது மகள் வீட்டில் சில மாதம் தங்க வந்த பெற்றோர், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பகலில் தனியாக இருப்பார்கள். வெளியே 38 டிகிரி செல்சியஸ். மாடி அறையில் குளிர் வராது. கீழே போர்வை தேவைப்படும். எந்தப் பட்டனைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் தவிப்பார்கள். அவர்களுக்கு நான் போனில் சொல்வதைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

ஜோன் ஏ.சி. எப்படி வேலை செய்கிறது?

நம் ஊரில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஸ்ப்ளிட் ஏ.சி. மாட்டுகிறோம். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் ஒரே பெரிய மெஷின் காற்றைக் குளிரவைக்கும். அந்தக் காற்று "டக்ட்" எனப்படும் பெரிய குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் செல்லும். சாதாரண ஏற்பாட்டில் வீடு முழுவதற்கும் ஒரே தெர்மோஸ்டாட். அது கீழே ஹாலில் இருந்தால், ஹால் குளிர்ந்ததும் மெஷின் நின்றுவிடும். கூரையின் வெப்பத்தை நேரடியாக வாங்கும் மாடி அறைகள் சூடாகவே இருக்கும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஜோன் முறை.

அறைக்கு அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்ற ஊரில் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன், 1883ல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை வகுப்பறை சூடா, குளிரா என்று பார்க்க ஊழியர் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை ஒரு சிறிய சர்க்யூட் போர்டு செய்கிறது.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் புரியும். நான்கு பாகங்களை நினைவில் வையுங்கள்.

1. தெர்மோஸ்டாட்: இது கீபோர்டு போல. ஜோனுக்கு ஒன்று சுவரில் இருக்கும். "எனக்குக் குளிர் வேண்டும்" என்று கட்டளை அனுப்பும்.

2. ஜோன் பேனல்: இது பிராசஸர். எல்லாத் தெர்மோஸ்டாட்களின் வயர்களும் இங்கே வந்து சேரும். எந்த ஜோனைத் திறப்பது, எதை மூடுவது, மெஷினை ஓட்டுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்வது இதுதான்.

3. டாம்பர்: டக்டுக்குள் இருக்கும் தகட்டுக் கதவு. சிறிய மோட்டார் ஒன்று இதைத் திருப்பித் திறக்கும், மூடும்.

4. மெஷின்: உள்ளே குளிர்ந்த காயிலும் காற்றாடியும், வெளியே கம்ப்ரஸர்.

கம்ப்யூட்டருக்கு எஸ்.எம்.பி.எஸ். போல, இந்தக் கன்ட்ரோல் பாகங்களுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் 24 வோல்ட் மின்சாரம் தருகிறது. கட்டளை தெர்மோஸ்டாட்டில் புறப்பட்டு, பேனலுக்குப் போய், அங்கிருந்து டாம்பருக்கும் மெஷினுக்கும் செல்கிறது. பழுது பார்ப்பது என்றால், இந்தப் பாதையில் கட்டளை எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான்.

டிஷ்யூ பேப்பர் சோதனை

எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு டிஷ்யூ பேப்பரும், ஒரு பேனாவும், ஒரு தாளும் போதும்.

முதலில் ஒரு ஜோனைத் தவிர மற்ற எல்லாத் தெர்மோஸ்டாட்களையும் "ஆஃப்" நிலையில் வைத்திடவும். மீதமுள்ள ஒன்றில், அறையின் இப்போதைய வெப்பநிலையைவிட 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக செட் செய்திடவும். பத்து நிமிடம் பொறுத்திருங்கள். கம்ப்ரஸரைப் பாதுகாக்க, நின்றவுடன் மீண்டும் ஓடாதபடி சுமார் 5 நிமிடத் தாமதம் வைத்திருப்பார்கள். இந்த நேரத்தில் பட்டனை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் பயன் இல்லை.

பிறகு ஒவ்வொரு அறைக்கும் சென்று, காற்று வரும் கிரில் முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். எந்த அறையில் பேப்பர் நன்றாகப் பறக்கிறது, எங்கே லேசாக அசைகிறது, எங்கே அசையவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து இந்த ஜோனை ஆஃப் செய்துவிட்டு, மற்ற ஜோன்களுக்கும் இதையே செய்திடவும்.

முடிவைப் படிப்பது எளிது. கேட்ட ஜோனில் காற்று வந்து, மற்றதில் வரவில்லை என்றால் டாம்பர்கள் சரி. கேட்ட ஜோனில் காற்றே இல்லை, ஆனால் மெஷின் ஓடுகிறது என்றால், அதன் டாம்பர் மூடியபடி நின்றுவிட்டது. கேட்காத ஜோனிலும் பலமாகக் காற்று வந்தால், அதன் டாம்பர் திறந்தபடி நின்றுவிட்டது. மூடிய ஜோனில் லேசாகக் காற்று கசிவது பல சிஸ்டங்களில் இயல்பு; அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். எந்த ஜோன் கேட்டாலும் மெஷின் ஓடவில்லை என்றால், பிரச்னை பேனலிலோ, மின் சப்ளையிலோ, மெஷினிலோ இருக்கிறது.

தெர்மோஸ்டாட் பிரச்னைகள்

டிஸ்பிளே வெறுமையாக இருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே சாதாரணப் பென்சில் பேட்டரிகள் இருக்கும். மாற்றினால் வேலை முடிந்தது.

டிஸ்பிளே நன்றாக இருந்தும் காட்டும் வெப்பநிலை தவறாக இருந்தால், சுற்றிலும் பாருங்கள். வெயில் நேராக விழுகிறதா? கீழே டேபிள் லாம்ப், டிவி, கம்ப்யூட்டர் ஏதாவது வைத்திருக்கிறார்களா? 200 வாட் மின்சாரம் எடுக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மணிக்குச் சுமார் 680 பி.டி.யு. வெப்பத்தை வெளியிடும். அது தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே இருந்தால், அறையே சூடாக இருப்பதாகத் தெர்மோஸ்டாட் நம்பி, மெஷினை விடாமல் ஓட்டும். கம்ப்யூட்டரை வேறு சுவருக்கு மாற்றினால் போதும்.

வைஃபை வசதியுள்ள ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஆள் நடமாட்டம் தெரியவில்லை என்றால், வீட்டில் யாரும் இல்லை என்று முடிவு செய்து, மின்சாரம் மிச்சமாகட்டும் என்று அவை வெப்பநிலையை உயர்த்திவிடும். அப்பா மாடியில் மதியத் தூக்கத்தில் இருப்பார்; தெர்மோஸ்டாட்டோ வராந்தாவில் இருக்கும். அவர் எழுந்திருக்கும்போது அறை அடுப்பாக இருக்கும். பெற்றோர் வந்திருக்கும் மாதங்களில் இந்த வசதியைப் பிள்ளைகள் தங்கள் மொபைல் போனில் நிறுத்திவைப்பது நல்லது.

இரண்டு ஜோன்களிலும் ஒரே மாடல் தெர்மோஸ்டாட் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். ராம் சிப்பை ஸ்லாட் மாற்றிப் பார்ப்பது போலத்தான். பழுது தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி அதுவே. மாறவில்லை என்றால் வயரிலோ, பேனலிலோ தேட வேண்டும். கழற்றும் முன் பிரேக்கரை ஆஃப் செய்திடவும். வயர்கள் எந்த முனையில் இருந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளவும். 24 வோல்ட் நமக்குப் பெரிய ஆபத்து இல்லை என்றாலும், மின்சாரம் வரும் சிவப்பு வயர் தவறான இடத்தில் தொட்டால் மெஷின் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும்.

டாம்பர் பிரச்னைகள்

ஜோன் ஏ.சி.யில் அடிக்கடி அசையும் பாகம் டாம்பர். எனவே தேய்ந்துபோவதிலும் இதற்கு முன்னிடம். இதில் மூன்று வகை உண்டு. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் மூலம் தானாகத் திறந்துகொள்வது ஒன்று. தானாக மூடிக்கொள்வது மற்றொன்று. திறக்கவும் மூடவும் மின்சாரம் தேவைப்படுவது மூன்றாவது. உங்கள் வீட்டில் எந்த வகை என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பரணில் எலி வயரைக் கடித்துவிட்டால் முதல் வகையில் அந்த ஜோன் எப்போதும் குளிரும். இரண்டாவது வகையில் குளிரே வராது. மூன்றாவது வகையில் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நிற்கும்.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மாடித் தெர்மோஸ்டாட்டில் 76 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்திருந்தார்கள், காட்டியது 84. பார்க்க வந்த ஒரு சர்வீஸ் கம்பெனிக்காரர், உள்ளே காயில் முழுவதும் ஐஸ் கட்டியிருப்பதைக் கண்டு, "மெஷின் பழசாகிவிட்டது, புதியது போடுங்கள்" என்று ஆயிரக்கணக்கான டாலருக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வீட்டு அம்மாவை டிஷ்யூ பேப்பர் சோதனை செய்யச் சொன்னேன். மாடி கேட்டபோது மாடியில் பேப்பர் அசையவில்லை. மறுநாள் வெயில் ஏறும் முன் பரணில் ஏறிப் பார்த்தேன். மாடி டாம்பரின் மோட்டார் உறுமியது, தண்டு திரும்பவில்லை. உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தது. மாடி குளிர் கேட்டுக்கொண்டே இருக்க, மெஷினும் ஓடிக்கொண்டே இருந்தது; காற்று போக வழியில்லாததால் ஐஸ் கட்டியிருந்தது. ஐஸ் நோய் அல்ல, அறிகுறி.

மோட்டாரைக் கழற்றிவிட்டு, தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பிக் கதவைத் திறந்த நிலையில் விட்டேன். அன்று மாலைக்குள் மாடி குளிர்ந்தது. நான்கு நாளில் புது மோட்டார் வந்ததும் மாட்டினோம். டக்டை வெட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான டாம்பர்களில் மோட்டாரை மட்டும் தனியாக மாற்றலாம். புது மோட்டார் வரும்வரை கதவைத் திறந்தே வைப்பது நல்ல தற்காலிக வழி. மூடிய நிலையில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பரணில் ஏற முடிந்தவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். தண்டின் முனையில் ஒரு கோடு இருக்கும். உள்ளே கதவு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அது காட்டும். மோட்டார் திரும்பியும் கோடு திரும்பவில்லை என்றால், இரண்டையும் பிணைக்கும் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது, முடுக்கினால் போதும். கோடையில் பகலில் பரணில் ஏறவே கூடாது. வயதானவர்கள் எந்த நேரத்திலும் ஏற வேண்டாம்.

காற்று போக வழி விடுங்கள்

ஜோன் ஏ.சி.யில் நிறையப் பேருக்குப் புரியாத விஷயம் இதுதான். 1 டன் ஏ.சி.க்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும். அப்படியானால் 3 டன் மெஷினுக்கு 1,200 கன அடி. மூன்று ஜோன் உள்ள வீட்டில் மிகச் சிறிய படுக்கையறை ஜோன் மட்டும் திறந்திருக்கிறது, அதன் டக்ட் 350 கன அடிதான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 850 எங்கே போகும்?

சாதாரண மெஷினாக இருந்தால் அது பைபாஸ் என்ற குறுக்குக் குழாய் வழியாகத் திரும்ப மெஷினுக்கே போகும். ஏற்கனவே குளிர்ந்த காற்று மீண்டும் காயிலுக்கு வந்து இன்னும் குளிரும். இப்படியே போனால் காயில் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சென்று, மேலே படியும் ஈரம் ஐஸாகிவிடும். ஐஸ் காற்றை மேலும் அடைக்கும். கடைசியில் ஆவியாகாத திரவ நிலைக் கேஸ் கம்ப்ரஸருக்குள் சென்று அதைக் கெடுக்கும். இதைத் தடுக்க டக்டில் ஒரு வெப்ப சென்சார் வைத்து, காற்று மிகவும் குளிர்ந்தால் பேனல் கம்ப்ரஸரை நிறுத்தும்படி செய்வார்கள். அந்த சென்சார் இல்லாத வீடுகளில்தான் கம்ப்ரஸர் சீக்கிரம் போகிறது.

எனவே செய்ய வேண்டியவை:

* ஃபில்டரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றவும். வீட்டில் நாய், பூனை இருந்தால் மாதம் ஒரு முறை.
* ஆள் இல்லாத அறை என்று கிரில்லைக் கையால் மூட வேண்டாம். காற்றுப் பாதை குறுகும்; மின்சாரம் மிச்சமாகாது.
* யாரும் இல்லாத ஜோனை முழுக்க ஆஃப் செய்வதைவிட, நான்கைந்து டிகிரி உயர்த்தி வைப்பது மேல்.
* ஐஸ் கட்டியிருந்தால் கூலிங்கை ஆஃப் செய்து, ஃபேனை மட்டும் "ஆன்" நிலையில் வைத்திடவும். ஐஸ் கரையப் பல மணி நேரம் ஆகலாம். கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும்.

எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால்?

எல்லாத் தெர்மோஸ்டாட்டும் ஒரே சமயத்தில் செயல் இழந்தால் ஒவ்வொன்றாகச் சோதிப்பது வீண். பொதுவான பாகத்தைப் பாருங்கள். முதலில் பிரேக்கர். அடுத்தது தண்ணீர். ஏ.சி. காயிலிலிருந்து சொட்டும் நீர் வெளியேறும் குழாய் பாசியால் அடைத்துக்கொண்டால், தட்டில் நீர் ஏறும். மிதவை ஸ்விட்ச் ஒன்று சிஸ்டத்தை நிறுத்திவிடும். சீலிங் பாழாகாமல் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. தட்டில் நீர் நின்றால் குழாய் அடைப்பை எடுங்கள். மாதம் ஒரு முறை அந்தக் குழாயில் ஒரு கப் வினிகர் ஊற்றினால் பாசி சேராது.

இவை சரியாக இருந்தால் டிரான்ஸ்பார்மரும் ஃபியூஸும்தான் மிச்சம். பேனல் மூடியைத் திறந்தால், எந்த எல்.இ.டி. விளக்கு எதைக் குறிக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் மூடியின் உட்பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் பேனலுக்கு மின்சாரமே வரவில்லை என்று பொருள். பேனல் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

நீங்கள் தொடக்கூடாதவை

வெளி யூனிட்டைத் திறக்க வேண்டாம். அதில் உள்ள கெபாசிட்டர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும். டெக்சாஸில் கான்டாக்டர் என்ற ஸ்விட்சுக்குள் எறும்புகள் புகுந்து மெஷின் ஓடாமல் செய்வதுண்டு. அதையும் டெக்னீஷியனே பார்க்கட்டும். கேஸ் விஷயத்தில் அமெரிக்கச் சட்டப்படி 608 பிரிவுச் சான்றிதழ் பெற்றவர்தான் கை வைக்கலாம். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. பழைய மெஷின்களில் உள்ள ஆர்-22 கேஸின் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டதால், அந்த வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

நம் ஊரில் மல்ட்டி ஸ்ப்ளிட்

நம் ஊரிலும் ஜோன் முறை வேறு வடிவில் வந்திருக்கிறது. ஒரே வெளி யூனிட்டில் இரண்டு, மூன்று அறைகளின் உள் யூனிட்களை இணைப்பது மல்ட்டி ஸ்ப்ளிட். இதன் பெரிய அண்ணன், ஜப்பானின் டைக்கின் நிறுவனம் 1982ல் கொண்டுவந்த வி.ஆர்.வி. முறை. இதில் டக்டும் டாம்பரும் இல்லை. கேஸ் ஓட்டத்தையே வால்வுகள் அறைவாரியாகப் பிரித்து விடுகின்றன.

இதில் புதிதாக மாட்டியதும் வரும் பிரச்னை, வயரும் காப்பர் பைப்பும் அறை மாறி இணைக்கப்படுவது. ஹாலில் ரிமோட்டை அழுத்தினால் படுக்கையறை யூனிட்டுக்குக் கேஸ் போகும். சோதனை அதேதான்: ஒரு அறையை மட்டும் கால் மணி நேரம் ஓட்டி, எந்த அறையின் காயில் குளிர்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: வெளி யூனிட்டின் திறன், உள் யூனிட்களின் மொத்தத் திறனைவிடக் குறைவாக இருக்கலாம். எல்லா அறைகளும் ஒன்றாக ஓடும்போது குளிர் சற்றுக் குறைவது பழுது அல்ல. வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

எந்த ஊராக இருந்தாலும், டெக்னீஷியன் வரும் முன் உங்கள் தாள் தயாராக இருக்கட்டும். எந்த ஜோன் கேட்டது, எங்கே காற்று வந்தது, எந்த விளக்கு எரிந்தது, ஐஸ் இருந்ததா, தட்டில் நீர் நின்றதா? இந்த ஐந்து வரி இருந்தால் நல்ல டெக்னீஷியன் நேராகப் பழுதிடம் போவார். மெஷினை விற்க வந்தவரோ உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். பழுது தீரும்வரை வயதானவர்களைக் குளிர் வரும் தளத்துக்கு இடம் மாற்றி, அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மெஷின் இரண்டு நாள் காத்திருக்கும். அவர்கள் உடம்பு காத்திருக்காது.